கரி என்று நினைத்தது

உள்ளங்கையின் அடிப்பாகம் மட்டும்தான் பலகையைத் தொடுகிறது. ஈரக் கரிமாவில் ஒரு கிள்ளு, மூங்கில் குச்சியின் நுனியில் ஓர் அழுத்து, முன்னும் பின்னும் இரண்டு உருட்டு. மாவு குச்சியில் சீராக ஏறிவிடும். விரல் பட்டால் ஊதுபத்தி நெளியும். நெளிந்த பத்தி பாதியில் அணையும். நகம், ரேகை, மணிக்கட்டு எல்லாம் கறுப்பு. பத்து பத்திக்கு ஒரு முறை கை நிற்கிறது. மூச்சு வந்து சேர்ந்ததும் மறுபடி ஓடுகிறது.

போன மாதம் வரை ஐம்பது பத்திக்கு ஒரு முறைதான் நின்றது.

ருக்கு ஜீவனஹள்ளியில் ஒற்றை அறை வீட்டில் இருபத்தாறு வருடமாக ஊதுபத்தி உருட்டுகிறாள். நுரையீரல் நோய் வந்து ஆறு வருடம். காலையும் மாலையும் இன்ஹேலரில் மருந்தை உறிஞ்சுகிறாள். மூச்சு வாங்குவது அவளுக்குப் புதிதில்லை. அதனால் இந்த மூச்சு வேறு என்று யாருக்கும் தோன்றவில்லை. வைட்ஃபீல்டில் கம்பெனி வண்டி ஓட்டும் மகன் கிஷோர் தினமும் அவள் விரலைத் துடைத்து ஆக்சிமீட்டரை மாட்டுவான். ஆக்சிஜன் தொண்ணூற்றாறு காட்டும். நிம்மதியாக வேலைக்குப் போவான்.

செவ்வாய்க்கிழமை, தெருவுக்கு வரும் சுகாதார ஊழியர் லட்சுமம்மா உள்ளே வந்தாள்.

“நகத்தைக் காட்டு ருக்கம்மா.”

“கரியைத்தான் பாக்கணும்.”

லட்சுமம்மா அவள் கீழ் இமையை இழுத்தாள். உள்ளே சிவப்பே இல்லை. உரித்த பூண்டுபோல் இருந்தது.

“அய்யோ தெய்வமே, ரத்தமே இல்லையே!”

“மிஷின்ல தொண்ணூத்தாறு இருக்கே.”

“ரத்தத்துல ஓடுற பஸ்ஸு எல்லாம் ஃபுல்லுன்னுதான் அது சொல்லும். எத்தனை பஸ்ஸு ஓடுதுன்னு சொல்லாது.”

“நம்ம ரூட்டுல என்னிக்கு ரெண்டு பஸ்ஸு வந்திருக்கு?” ருக்கு சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று.

“முதுகு வலிக்கு மாத்திரை போடுறியா?”

“மெடிக்கல்ல குடுக்கிறதுதான். தினம் ரெண்டு. இல்லேன்னா உக்காரவே முடியாது.”

“வெளிய கறுப்பா போகுதா?”

“நல்லா கேட்ட போ! கரியிலயே உக்காந்து சோறு தின்றோம். இந்தத் தெருவுல யாருக்கு மஞ்சளா போகுது?”

பத்தி உருட்டும் பெண்கள் பல வருடமாகச் சொல்லிச் சிரிப்பது அது. லட்சுமம்மா சிரிக்கவில்லை.

“தார் மாதிரி ஒட்டுதா?”

பலகைமேல் கை நின்றது. “மூணு வாரமா.”

“அது கரி இல்ல. அந்த மாத்திரையால வயித்துக்குள்ள ரத்தம் கசியுது. லங்ஸ் கெட்டவளுக்கு இருக்கிற ரத்தமும் போச்சுன்னா என்ன மிஞ்சும்? மாத்திரையை விட்டுடு. எழுந்திரு, இப்பவே ஆஸ்பத்திரி.”

“நாளைக்கு ஆம்ப்ரோஸ் சரக்கு எடுக்க வருவான். இது காயணும், கட்டணும். குடுத்துட்டு வர்றேன். ஆறு வருஷம் இழுத்த மூச்சு ஒரு நாள் இழுக்காதா?”

மறுநாள் காலை மிஷினை மாட்டிய கிஷோரிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. தொண்ணூற்றாறு என்றான். தலையாட்டினாள்.

அவன் போனதும் கழிவறையில் முதல் முறையாகக் குனிந்து பார்த்தாள். கறுப்பின் ஓரத்தில் சிவப்பு இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்து பத்திகளைக் கட்ட உட்கார்ந்தாள். கால் சில்லிட்டுக் கிடந்தது. காதுக்குள் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கட்டையும் தரையில் தட்டி நுனிகளைச் சமமாக்கினாள். ஒவ்வொரு கட்டுக்கும் நடுவே கண்ணை மூடி மூச்சுக்குக் காத்திருந்தாள்.

கடைசிக் கட்டுக்கு நூல் சுற்றும்போது லட்சுமம்மா ஆட்டோவுடன் வந்துவிட்டாள். பின்னாலேயே ஆம்ப்ரோஸின் ஸ்கூட்டர் நின்றது.

“என்ன ருக்குக்கா, மகாராணி மாதிரி உக்காந்தே குடுப்பியா?”

அவள் எழப் பார்த்தாள். பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். லட்சுமம்மா பின்னாலிருந்து தோளைத் தாங்கிக்கொண்டாள். ருக்கு பத்திக்கட்டை இரண்டு கையாலும் தூக்கினாள். நுனி ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆம்ப்ரோஸ் செருப்போடு உள்ளே வந்து, மண்டியிட்டு, அதை வாங்கிக்கொண்டான்.