கதவு கழட்டும் கிளாக்கர்

புதுவீட்டுக்குக் குடிபோனால் எல்லாரும் பால் காய்ச்சுவார்கள், சாமிப்படம் மாட்டுவார்கள். சிவபாதசுந்தரம் பால் பொங்க முதலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திருகாணி கழற்றும் திருப்புளியோடு கதவடிக்குப் போய்விடுவார். வாசற்கதவையும் குளியலறைக் கதவையும் தொடமாட்டார். உள்ளே இருக்கிற மற்றக் கதவு அத்தனையும் கீல் பிணைச்சலோடு கழன்று, சாக்குச் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே போய்விடும். வீட்டை விட்டுப் போகும்போது ஒரு திருகாணி குறையாமல் பழையபடி பொருத்திப் பூட்டிக் கொடுப்பார். அதை யார் நம்பினார்கள்! வெள்ளவத்தையில் அவருக்குக் 'கதவு கழட்டி' என்றே பட்டம் விழுந்துவிட்டது.

வீட்டுச் சொந்தக்காரர் மர்ஸூக் முதல்முறை வந்து பார்த்தபோது வாசலில் நின்றபடியே குசினி அடுப்பு தெரிந்தது. மனிதர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னா அய்யா இது? ஊட்ட வாடகக்கித் தந்தா, கதவெல்லாம் எங்க? வெறகுக்கு வெட்டிட்டீங்களா?"

"எல்லாம் கட்டிலுக்குக் கீழ பத்திரமாக் கிடக்கு, முதலாளி. கடற்காத்து உள்ளுக்கை வரட்டுமெண்டுதான்."

"கட்டிலுக்குக் கீழ படுக்க வெக்கவா நான் தேக்குல கதவு செஞ்சி போட்ட?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் வீட்டை விட்டு எழும்பச் சொல்லவில்லை. வேறு வகையில் அவருக்குத் தொல்லை தராத குடியிருப்பாளர்.

கடற்காற்று என்பது ஊருக்குச் சொன்ன கதை. உண்மைக் காரணம் அவருடைய மனைவி இரத்தினம்மா. கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்த புதிதில், கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன வீட்டில் இருந்தபோது, அவளை நெருப்புக்காய்ச்சல் பிடித்தது. உயிர் தப்பியதே பெரிய காரியம். ஆனால் காய்ச்சல் இறங்கியபோது காதையும் கொண்டு போய்விட்டது. இடி இடித்தாலும் தெரியாது.

மகள் நேசமலர் பிறந்து தவழத் தொடங்காத காலம். ஒருநாள் சிவபாதசுந்தரம் கொள்ளுப்பிட்டிக் கந்தோரில் கிளாக்கர் வேலை முடிந்து வந்தபோது, தெருவிலேயே பிள்ளையின் கத்தல் கேட்டது. குசினியில் இரத்தினம்மா தன் பாட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாள். காற்றுக்கு அறைக்கதவு அடித்துச் சாத்திக்கொண்டது அவளுக்குத் தெரியாது. திறந்து பார்த்தால், பாயில் கிடந்த பிள்ளையின் கால் முழுக்கச் சிவப்பெறும்பு. கத்திக் கத்திக் குழந்தையின் குரல் கம்மிவிட்டது. இரத்தினம்மா தலையிலடித்துக்கொண்டு அழுதாள். "நானெல்லாம் ஒரு தாயோ?" என்றாள். அவர் பக்கத்து வீட்டில் திருப்புளி இரவல் வாங்கிவந்து கதவைக் கழற்றினார். அன்று தொடங்கிய வேலை.

கதவில்லாத வீட்டில் இரத்தினம்மா ராசாத்தி. அடுப்படியில் நின்றே வாசலில் யார், அறையில் யார் என்று பார்த்துவிடுவாள். பேசுகிறவர்களின் வாயைப் பார்த்தே முழுக் கதையையும் பிடித்துவிடுவாள். மீன்காரனின் சிங்களம் உட்பட. நேருக்கு நேர் கதைக்கிறவர்களுக்குச் சந்தேகமே வராது. பின்னால் நின்று கூப்பிட்டவர்கள்தான், "கிளாக்கற்றை பெண்சாதிக்குச் சரியான தலைக்கனம், திரும்பியும் பாராள்" என்று திட்டினார்கள். அந்தப் பழியைக் கணவனும் மனைவியும் சிரித்துக்கொண்டே ஏற்றார்கள். செவிடு என்ற பெயரைவிட இது எவ்வளவோ மேல் என்று நினைத்தார்கள்.

அங்கேதான் பிழை தொடங்கியது. நேசமலருக்குக் கிருலப்பனையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை யோகநாதன் தபால் கந்தோரில் வேலை, கைசுத்தமான பையன். கோயிலடியில் பெண்ணைப் பார்த்தாயிற்று, சாதகம் பொருந்திவிட்டது, பிள்ளைக்கும் பிடித்துவிட்டது. அவள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் கண்ணாடி முன்னால் நின்ற நேரம் சொன்னது. இனி மாப்பிள்ளையின் தாய் தையல்முத்து வீட்டுக்கு வந்து பேசி முடிக்கவேண்டியதுதான் மிச்சம்.

சிவபாதசுந்தரத்துக்கு நித்திரை போய்விட்டது. காது விசயம் தெரிந்தால் பரம்பரை நோய் என்பார்களே, பிள்ளையின் வாழ்வு போய்விடுமே! கதவில்லாத வீட்டைப் பார்த்தால் ஏன், எதற்கு என்று கேள்வி வருமே! அவர்கள் வருகிற அன்று விடியவே கட்டிலுக்குக் கீழே இருந்த கதவுகளை இழுத்து எடுத்தார்.

இரத்தினம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் அவள் பக்கம் திரும்பி, வாய் தெரியச் சொன்னார்:

"இஞ்சேரும், இண்டைக்கு மட்டும் நீர் அறைக்குள்ள இரும். தலையிடியெண்டு சொல்லிப்போடுறன். மனிசி பக்கத்தில இருந்து கதைச்சா பிடிபட்டிடும். பிள்ளைக்காகத்தான்."

"எனக்கோ கதவு பூட்டுறியள்?" என்று மட்டும் கேட்டாள். அவர் திருகாணியை இறுக்கினார். நேசமலர் ஏதோ சொல்ல வந்தாள். "நீ பேசாமல் இரு" என்று அதட்டிவிட்டார்.

பின்னேரம் தையல்முத்து மகனோடு வந்தார். பரந்த முகம், பளிச்சென்ற பேச்சு. நேசமலர் கொண்டுவந்த பலகாரத்தையும் கோப்பியையும் பார்த்துச் சிரித்தார்.

"கோவிக்காதை பிள்ளை. தாயின்ரை வாயாலை சம்மதம் கேளாமல் நான் சம்பந்த வீட்டில கைநனைக்கமாட்டன். அது எங்கடை வழக்கம். அம்மா எங்கை?"

"அவவுக்குச் சரியான தலையிடி. அறைக்குள்ள படுத்திருக்கிறா" என்றார் சிவபாதசுந்தரம்.

"ஐயோ, அப்ப நான் பாக்காமல் போறதே?" என்று தையல்முத்து எழும்பிவிட்டார். தடுக்க வழியில்லை. அறைக்கதவைத் தட்டினார். "தங்கச்சி, நான்தான், யோகநாதன்ரை அம்மா." இன்னொருமுறை பலமாகத் தட்டினார்.

உள்ளேயிருந்து பதில் வரவில்லை. வந்தது ஒரு முனகல் பாட்டு. மனம் சரியில்லாவிட்டால் இரத்தினம்மா இராகம் இழுப்பாள்; தான் இழுப்பது அவளுக்கே தெரியாது. காப்பு கிலுகிலுக்க எதையோ மடித்து அடுக்குகிற சத்தமும் வெளியே நன்றாகக் கேட்டது.

தையல்முத்துவின் முகம் மாறியது. "தலையிடிக்காரி பாட்டுப் படிக்கிறாவோ? வீடு தேடி வந்தவையைக் கதவடியில நிக்கவைச்சுப் பாட்டோ?"

இப்போது ஒரு வார்த்தை போதும். சிவபாதசுந்தரத்துக்கு அது நன்றாகத் தெரியும். யோகநாதன் அவரைப் பார்த்தான், நேசமலர் அவரைப் பார்த்தாள், அவர் நிலத்தைப் பார்த்தார். நேசமலர்தான் போய்க் கதவைத் தள்ளித் திறந்தாள்.

இரத்தினம்மா திரும்பினாள். மகளின் கலங்கிய கண், கணவனின் தொங்கிய தலை, தையல்முத்துவின் வாயில் "மதியாத வீடு" என்ற சொல், எல்லாம் ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள்.

"அக்கா, நான் மதியாமல் இருக்கேல்லை. எனக்குக் காது கேளாது. நீங்கள் கூப்பிட்டது தெரியாது."

"காய்ச்சலிலை வந்ததுதான், பரம்பரையில்லை, சத்தியமா..." என்று சிவபாதசுந்தரத்துக்கு அப்போதுதான் வாய் திறந்தது.

தையல்முத்து அவர் பக்கம் திரும்பவேயில்லை. இரத்தினம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு முகம் தெரிய நின்று சொன்னார்: "காது கேளாதது ஒரு குறையில்லை, தங்கச்சி. ஆனால் பெத்த தாயையே அறைக்குள்ள பூட்டி மறைச்ச இடத்தில நான் என்னத்தை நம்பிக் கைநனைக்கிறது? நாளைக்கு என்ரை மருமகளுக்கு ஒண்டெண்டால் இவர் எதை மறைப்பாரோ!"

யோகநாதன் வாசற்படலையடியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு தாயின் பின்னால் போய்விட்டான். சம்பந்தம் அதோடு சரி.

இரத்தினம்மா அறைக்குள் போனாள். கதவைச் சாத்தி உள்ளே கொண்டி போட்டாள். பிணைச்சல் உள்பக்கம்; திருப்புளிக்கு வேலையில்லை. சிவபாதசுந்தரம் பழக்கத்தில் தட்டினார். பிறகு, யாருக்குத் தட்டுகிறேன் என்று நினைத்துக் கையை இழுத்துக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்படியே கதவில் சாய்ந்து தரையில் இருந்து, சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லத் தொடங்கினார். பயந்துவிட்டேன் என்றார். உம்மை மறைத்தது நான் செய்த பாவம் என்றார்.

யாரும் தொடாத கோப்பியைக் கொண்டுபோய் ஊற்ற வந்த நேசமலர் நின்றாள். அவளுடைய கண்ணும் சிவந்திருந்தது.

"அப்பா, கதவுக்கு ஏன் சொல்லுறியள்? அம்மா வெளியிலை வரட்டும். அவவின்ரை முகத்துக்கு நேரை சொல்லுங்கோ."

காத்திருந்தார். விளக்கு வைக்கிற நேரம் கொண்டி எடுபட்டது. சிவபாதசுந்தரம் தட்டுத்தடுமாறி எழும்பி, விளக்கு வெளிச்சம் தன் வாயில் விழும்படி நின்றார்.

"பிழை என்ரை, ரத்தினம். என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

அவள் அவருடைய வாயைக் கவனமாகப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சற்றும் மாற்றாமல் சொன்னாள்:

"விளங்கேல்லை. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

முதல்முறையே விளங்கிவிட்டது என்பது அவருக்குத் தெரியும். இன்னொருமுறை சொன்னார்.