மைசூரில் ஐந்து மணி நேர சார்ஜும் ஒரு ‘இல்லே’யும்

பழைய காரில் மைசூர் வழியாக மார்டள்ளி போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு வைகாசியில். மார்டள்ளியில் வாழ்க்கைப்பட்ட என் தங்கையின் மகளுக்கு மாலை ஐந்து மணிக்கு நிச்சயம். தாய்மாமன் நான் சேலை கொடுத்தால்தான் பெண்ணை மணையில் உட்காரவைப்பார்கள். அந்தப் பட்டுச்சேலையை எடுக்க முந்தின நாளே கோபியிலிருந்து மைசூர் வந்து தங்கினேன்.

காலையில் கார் முனகக்கூட இல்லை. இரவு முழுக்க விளக்கை அணைக்காமல் விட்டிருக்கிறேன், அறிவு கெட்டவன். பேட்டரியைக் கழற்றி ஆட்டோவில் போட்டு, ஏழு மணிக்கு அக்ரஹாரத்தில் ஒரு பேட்டரிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கன்னடக்காரர், தமிழ் கேட்டால் ஓரளவு புரியும், பேச வராது; எனக்குக் கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. மூடிகளைத் திறந்தவர், தகடு தெரியுமளவுக்குத் தண்ணீர் வற்றியிருப்பதைக் காட்டி முறைத்தார். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிவிட்டு ஐந்து மணி நேரம் என்று விரல்களை விரித்தார். சீக்கிரம் ஏற்றக் கூடாதா என்றேன். சூடாகித் தகடு வளைந்துவிடும் என்று உள்ளங்கையை வளைத்துக் காட்டினார்.

மார்டள்ளி நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல். அன்றைய சாலையில் நான்கு மணி நேரம். பன்னிரண்டுக்குக் கிளம்பினால் போதும்தான், ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்ரஹாரத் தெருக்களைச் சுற்றிச் சுற்றி வந்தேன்; ஒரு கோயிலுக்குள்ளும் நுழையவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கடை வாசலில் நின்றே, “என் பேட்டரி எங்கங்க, ஆச்சா?” என்றேன்.

“இல்லே,” என்றார், நிமிராமல்.

பன்னிரண்டரைக்குக் கேட்டேன், இல்லே. ஒரு மணிக்கும் இல்லே. ஒன்றரைக்கு உள்ளே புகுந்து கத்தியேவிட்டேன். அவர் விழித்தார். பிறகு தன் காலடியில் துடைத்து வைத்திருந்த என் பேட்டரியைத் தொட்டு, “இல்லே இதெ சார்,” என்றார். கன்னடத்தில் ‘இல்லே’ என்றால் ‘இங்கேயேதான்’ என்று பக்கத்துக் கடைக்காரர் தமிழில் விளக்கினார்.

கொள்ளேகால், ஹனூர், ராமாபுரம், எங்கும் நிறுத்தவில்லை. என்ஜினை அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்ற பயம். அவசரத்துக்கு வேகமாக சார்ஜ் ஏற்றச் சொல்லாதீர்கள். மாதம் ஒருமுறை தண்ணீர் பாருங்கள், குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். கேள்வி கேட்டால் பதில் முடியும்வரை நில்லுங்கள்.

ஆறேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். எனக்குப் பதிலாக வேறு யாரையாவது நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். பந்தலில் எல்லோரும் இருந்தார்கள், மணை காலியாக இருந்தது. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“தாய்மாமன் எங்கன்னு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கேட்டாங்கண்ணா. அழுதுட்டே ‘இல்லே’ன்னேன். அவங்க மைசூர்லயே வளர்ந்தவங்க, நீங்க இங்கயேதான் இருக்கீங்கன்னு நெனச்சு உக்காந்திருக்காங்க.”

அதற்குள் மாப்பிள்ளையின் அப்பா மறுபடியும், “தாய்மாமா எல்லி?” என்று, எங்கே என்பதைக் கன்னடத்தில் கேட்டார். சேலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

“இல்லே,” என்றேன்.