கண்ணாத்தாளின் தாழம்புதர்

கறம்பக்குடிக்குக் கிழக்கே, ஓடையோரத்தில் கண்ணாத்தாளுக்கு இருந்தது ஒரே ஒரு கொல்லை நிலம். புருசன் நல்லதம்பி மலாயாவுக்குக் கப்பலேறிப் போயிருந்தான். ஐப்பசி வந்தால் போதும், வெள்ளம் கரையைக் கடித்துக்கொண்டு போய்விடும். மண்ணை அணைத்துப் பார்த்தாள், பனைமட்டையை அடைத்துப் பார்த்தாள். ஒன்றும் நிற்கவில்லை. அப்புறம்தான் தாழை ஞாபகம் வந்தது.

முதல் தடவை அவசரப்பட்டு மேட்டுச் செம்மண்ணில் ஊன்றிக் கன்றைக் கருகவிட்டாள். தாழைக்குக் காலில் ஈரம் வேண்டும், தலையில் வெயில் வேண்டும். காய்க்கிற தாழையின் கன்று வாசப்பூவைக் கண்ணில் காட்டாது என்பதும் தெரிந்தது. மறு தடவை வெளியூர் போய்ப் பூக்கிற புதராகப் பார்த்துப் பக்கக்கன்று ஒடித்து வந்து, தண்ணீர் தொடும் மணலில் நட்டாள். அவ்வளவுதான், விடுமா! நாலைந்து வருசத்தில் தண்டிலிருந்து விழுது விழுதாக வேர் இறங்கிக் கரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. முள்ளுக்குப் பயந்து ஆடுகூட வாய் வைக்கவில்லை.

புருசனின் அண்ணன் கண்ணுசாமிக்குத்தான் வயிறு எரிந்தது. கரை நிற்காவிட்டால் சலித்துப்போய்க் கொல்லையைத் தன்னிடம் விட்டுவிடுவாள் என்று காத்துக் கிடந்த மனிதராயிற்றே! பக்கத்துக் கொல்லையும் அவருடையதுதான். "தாழைக்குள்ள நல்லபாம்பு கெடக்கு. தீ வச்சுக் கொளுத்தணும்" என்று ஒரு புரட்டாசிக் காலையில் ஊரைக் கூட்டிவிட்டார்.

கண்ணாத்தாளும் ஓடி வந்தாள். புதர் போனால் கரை போச்சு, கரை போனால் கொல்லை போச்சு.

ஊர்த் தலைவரான அம்பலம் சிவசாமி கேட்டார்: "பாம்பை நீ கண்ணால பார்த்தியாப்பா?"

"நான் அங்கிட்டு எட்டிக்கூடப் பார்க்கிறதில்லீங்க. உசுரு மேல ஆசை இருக்குல்ல!"

சொன்ன கையோடு துண்டை உதறித் தோளில் போட்டார் கண்ணுசாமி. குப்பென்று கிளம்பியது தாழம்பூ வாசம். மாவு மாதிரி மஞ்சள் தூள் பறந்து, முன்னால் இருந்தவருக்கு அடுக்குத் தும்மல். முற்றின தாழம்பூவை ஒடித்தால் அப்படித்தான், ஆளையே மாவில் புரட்டி எடுத்துவிடும்.

கண்ணாத்தாளுக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ! "மச்சான், மீசையில என்னங்க அது, மஞ்சளா?" என்றாள்.

பெண்கள் பக்கம் நின்ற கண்ணுசாமியின் சம்சாரம் மருதாயி, சட்டென்று தன் கொண்டையைப் பொத்திக்கொண்டாள். அங்கே செருகியிருந்தது புதுத் தாழம்பூ மடல். ஊரில் தாழை இருந்தது கண்ணாத்தாள் கரையில் மட்டும்தான்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "ஒன்னைய மட்டும் கடிக்காத பாம்பா இருக்கே கண்ணுசாமி!" என்றார் அம்பலம். புதர் மேல் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது என்று அங்கேயே தீர்ப்பு. கண்ணாத்தாள் தலை நிமிர்ந்து நடந்தாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல.

ஐப்பசி வெள்ளம் அந்த வருசம் பேயாட்டம் ஆடியது. கண்ணுசாமி கொல்லைக் கரை உடைந்து மண்ணாய்ப் போனது. கண்ணாத்தாள் கரையில் ஒரு கூடை மண்கூடச் சரியவில்லை.

தண்ணீர் வடிந்ததும் கண்ணுசாமி அரிவாளோடு வந்து தலையைச் சொறிந்தார். "ரெண்டு கன்னு குடு ஆத்தா."

"தாராளமா எடுத்துக்கங்க மச்சான். பூக்கிற புதராப் பார்த்து எடுங்க. எதுன்னு ஒங்களுக்குத்தான் தெரியுமே!"