தேநீரில் கலந்த பொடி

கட்டாய ராணுவ சேவைக்கு வந்த பையன்களிடம் கதைகளுக்குப் பஞ்சமே கிடையாது. சார்ஜெண்டின் மண்டைக்குள் இரும்புத் தகடு இருக்கிறதாம். ஏழாம் நம்பர் காவல் கூண்டில் செத்துப்போனவன் இன்னும் டியூட்டி பார்க்கிறானாம். எல்லாவற்றையும் கேட்டு ஹில்க்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். தன் தேநீரைப் பற்றிய கதைக்கு மட்டும் அவளுக்குச் சிரிப்பு வராது.

பின்லாந்தின் வடக்கே, காட்டோர முகாமில் அவள் சமையல்காரி. ஆண்டு 1968. விடிந்தால் நானூறு பேருக்குத் தேநீர் போடுவாள். அதில் ஆண்மையை அடக்கும் பொடி கலக்கிறார்கள் என்று, சேவை முடிந்து போகிறவன் புதிதாக வருகிறவன் காதில் ஓதிவிட்டுப் போவான். அண்டா அண்டாவாகத் தேநீர் சாக்கடைக்குப் போகும். அவளுக்கு அழுகையே வந்துவிடும்.

தௌனோ என்கிற மரவெட்டி வீட்டுப் பையன் மட்டும் தினமும் குவளையை நீட்டினான்.

"இன்னொண்ணு ஊத்துங்க."

வரிசையே கூச்சல் போட்டது. "டேய், வம்சமே போச்சுடா!"

"என் வம்சம்தானே, நீ ஏன்டா அழுவுற?"

இவன் ஒருத்தனாவது என்னை நம்புகிறானே என்று அவள் மனம் அவன் பக்கம் சாய்ந்தது. சேவை முடிந்த கையோடு கல்யாணம். பிள்ளைகள் ஐந்து. ஒவ்வொன்றும் பிறந்தபோது பழைய சிநேகிதர்களுக்கு அவன் போட்ட கடிதம் ஒற்றை வரிதான்: "பொடி இன்னும் பலிக்கவில்லை."

நாற்பத்தாறு வருடம் கழித்து தௌனோவை அடக்கம் செய்த அன்று, திருச்சபைக் கூடத்தில் எல்லோருக்கும் காபி. ஹில்க்கா ஒரு கெட்டில் தேநீரும் போட்டு வைத்திருந்தாள். அந்தக் காலைகளும், நனைந்த கம்பளிக் கோட்டு வாசனையும், அந்தக் கூச்சலும் இன்று அவளுக்கு வேண்டியிருந்தன. முகாமில் தௌனோவுக்குப் பக்கத்துக் கட்டில்காரரான யால்மரி வந்து கோப்பையை நீட்டினார்.

"இதுல ஏதாச்சும் கலந்திருக்கா?"

"இந்த வயசுல கலந்தா என்ன, கலக்காட்டி என்ன? குடிங்க. அந்தப் புரளிய நம்பாதவரு அவரு ஒருத்தர்தான்."

"யாரு, தௌனோவா? எங்க எல்லாரையும்விட அவன்தாம்மா நம்புனான்! மொத நாள் குடிச்சுட்டு வந்து, வம்சம் போச்சேன்னு தலையில கைய வச்சு உக்காந்திருந்தான். பின்ன ஏன்டா குடிச்சேன்னு கேட்டேன். 'யாருமே வாங்கலடா, அந்தப் பொண்ணு முகத்தப் பாத்தியா? புள்ள இல்லாட்டி போவுது'ன்னான்."

ஹில்க்கா கெட்டிலை மேசைமேல் வைத்தாள்.

"கிறுக்கு மனுசன்" என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே." சொல்லிவிட்டு அழுதாள்.

யால்மரி ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையை மறுபடி நீட்டினார்.

"இன்னொண்ணு ஊத்தும்மா."