கோரைப் பக்கம் போன படகு

குளிர்காலத்தில் மெக்சிகோவின் சப்பாலா ஏரிக்குக் கூழைக்கடா பார்க்க வருகிறவர்களை எல்லாப் படகுக்காரர்களும் மீன் வெட்டும் கரைக்குத்தான் கூட்டிப்போவார்கள். குடலை வீசினால் போதும், ஆயிரம் பறவை முண்டியடித்துக்கொண்டு வரும். ஒப்துலியா மட்டும் பன்னிரண்டு நாளாகக் கோரைப் பக்கம் படகை விட்டுக்கொண்டிருந்தாள்.

வடகாற்றில் அவள் அண்ணன் நிக்காந்த்ரோவின் படகு கவிழ்ந்தது அங்கேதான். படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. மூன்று நாள் தேடிய ஊர் கையை விரித்துவிட்டது. அம்மாவோ, உடம்பு வராமல் செத்தவனுக்கான ஒன்பது நாள் ஜெபத்தைத் தொடங்கவே விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். தனியாகத் தேடப் பெட்ரோலுக்கு வழியில்லை. பயணிகளை ஏற்றிக்கொண்டே தேடினாள். ஏமாற்றுத்தான். இருக்கட்டுமே, கூடப்பிறந்தவனைத் தண்ணீரில் விட்டுவிட்டு வீட்டில் சோறு இறங்குமா?

ஒப்துலியாவுக்கு நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. பொம்பளைக்கு எதுக்குப் படகு என்று கேட்ட ஊர் வாயை அடைத்து, அவளுக்கு மோட்டார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அந்த அண்ணன்.

அன்று காலை சித்தப்பா மகன் செமா கயிற்றை அவிழ்த்துவிட்டான். "இன்னுமாக்கா? இனிமே என்னத்தக்கா கிடைக்கப்போவுது?"

"உன் வேலையப் பாருடா."

படகில் குவாதலஹாராவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் எவரிஸ்தோ, அவர் மனைவி அம்பாரோ. நாமக்கோழி, இராக்கொக்கு என்று ஒவ்வொன்றாக நோட்டில் எழுதிய வாத்தியாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"இவ்வளவு உள்ள யாரும்மா கூட்டிட்டு வருவாங்க? பறவை எங்க இருக்கும்னு உனக்குத்தான் தெரிஞ்சிருக்கு!"

ஒப்துலியாவுக்கு வெட்கமாகப் போயிற்று. கோரையையே பார்த்தாள்.

"அதோ, ஆகாயத்தாமரை மேல! கறுப்பா... ஒம்பது, பத்து! நீர்க்காகம்தானே?" வாத்தியார் கையை நீட்டினார்.

அவள் பார்த்தாள். மோட்டாரை நிறுத்தினாள்.

"நீர்க்காகம் இல்ல சார். பிணந்தின்னிக் கழுகு." சிலுவை போட்டுக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க. உங்களுக்குப் பறவை காட்டணும்னு நான் இங்க வரல. அங்க கிடக்கிறது எங்க அண்ணன்."

அம்பாரோ தட்டுத்தடுமாறி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அதுவரை அழாத ஒப்துலியா அப்போதுதான் அழுதாள்.

"அதுங்கள விரட்டணும்மா..." கழுகுகளைக் கைகாட்டினாள்.

வாத்தியார் தொலைநோக்கியைக் கழற்றி வைத்தார். ஆடும் படகில் எழுந்து நின்று, துடுப்பால் பலகையை ஓங்கி ஓங்கி அடித்து, தொண்டை கிழியக் கத்தினார். "போ! போ!"