கொக்குவிலில் நிற்காத கோச்சி

நேற்றுப் பின்னேரம் மகளின் மடிக்கணினியில் ஒரு கேம் திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டு நின்றது. படம் வரும், இசை வரும், சரி இனித் தொடங்கப்போகிறது என்று நிமிர்ந்து இருந்தால் திரை கறுத்துவிடும். அணைத்துப் பார்த்தாள், அழித்துத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் இணையத்தில் எங்கேயோ தேடிவிட்டு வந்தாள்.

"ட்ரைவர் பிழையாம் அம்மா. பழைய ட்ரைவரை எடுத்துப்போட்டுப் புதுசு போடட்டாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. "உதிலை என்ன பகிடி?" என்று பிள்ளை முறைத்தாள். என்ன பகிடி என்று சொல்ல வெளிக்கிட்டால் என் மாமாவில் இருந்து தொடங்க வேண்டும். அவளுக்கு அவ்வளவு பொறுமை ஏது? உங்களுக்கு இருக்கும் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்.

எங்கள் வாயில் ட்ரைவர் என்றால் றைவர். மாமா கோச்சி றைவர். பள்ளிக்கூடத்தில் நாங்கள் புகையிரதம் என்று எழுதுவோம், வாயில் வருவது எப்போதும் கோச்சிதான். காங்கேசன்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் எல்லா ஸ்ரேசனிலும் நின்று நின்று போகிற கோச்சியைத்தான் அவர் அதிகம் ஓட்டினார். சண்டை திரும்பத் தொடங்கியதும் கோச்சி நின்றது. பிறகு தண்டவாளம் கழன்றது, அதன்கீழ்க் கிடந்த சிலிப்பர்க் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின. மாமா கதைப்பதை விட்டுவிட்டார். கோபம் ஒன்றும் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கேட்டதற்கு ஓம், இல்லை. மற்றப்படி கொக்குவில் வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். "மனிசன் மூச்சு விடுறாரோ எண்டு கிட்டப்போய்ப் பாக்க வேண்டிக்கிடக்கு பிள்ளை" என்று மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவா.

காய்ச்சலுக்கு நெற்றியில் பூசுகிற ஓடிக்கொலோன் இப்போதும் எங்காவது மணந்தால் எனக்குக் காய்ச்சல் ஞாபகம் வருவதில்லை. ரேப் ரெக்கோடர்தான் ஞாபகம் வரும். அதன் தலையில், நாடா உரசுகிற இடத்தில், ஊத்தை பிடித்தால் துடைக்க ஸ்பிரிட் வேண்டும், அந்த நாளில் ஸ்பிரிட்டுக்கு எங்கே போவது? மாமி அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருந்த ஓடிக்கொலோனைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். வீடே நோயாளி படுத்திருக்கிற வீடுபோல மணந்தது. நோயாளி யார் என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை, கசெற்றா, பெட்டியா, நானா?

பெட்டி என்றது கொம்பியூட்டரை. லண்டனில் இருந்த மாமாவின் மகன், "அப்பா வீட்டில இருந்தும் கோச்சி ஓட்டட்டும்" என்று ஆளிடம் கொடுத்து அனுப்பியது. கைக்குள் அடங்குகிற கறுப்புப் பெட்டி, விரலால் அமத்துகிற றப்பர்க் கட்டைகள். அந்தக் காலக் கேம் கசெற்றில் வரும், பாட்டுக் கேட்கிற அதே கசெற். போட்டால் கீச்சென்று பல்லைக் கூசவைக்கிற சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் கொம்பியூட்டர் படம் வரையும். படம் என்றால் கோச்சி, தண்டவாளம், ஸ்ரேசன் எல்லாம். றைவர் நாங்கள்தான். பெட்டி வந்து சேர்ந்து உறை பிரிக்கவில்லை, ஊரில் கறண்ட் போய்விட்டது. போனது போனதுதான்.

"எப்பிடியாவது உதைத் திறந்து குடு பிள்ளை. கோச்சியைக் கண்டாலாவது மனிசன் வாய் திறப்பார்" என்றா மாமி. நான் அப்போது உயர்தரம் எழுதிவிட்டு ரியூட்டரி ஒன்றில் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பௌதிகத்தில் எனக்கு வந்தது வெறும் சி என்பது மாமிக்குத் தெரியாது. தெரியாதவர்கள் முன்னால் விஞ்ஞானியாக இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது பாருங்கள்.

கார் பற்றரி ஒன்றில் சின்னக் கறுப்பு வெள்ளை ரீவியையும் கொம்பியூட்டரையும் கொழுவினேன். மூன்றாவது சாமானைப் பற்றரி தாங்காது. ஆகவே ரேப் ரெக்கோடருக்கு சைக்கிள் டைனமோ. அன்றைக்கு யாழ்ப்பாணமே அப்படித்தான் பாட்டும் செய்தியும் கேட்டது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்ற, டைனமோ கறண்ட் தரும். கை களைத்தால் பாடகரின் குரல் கிழண்டிப்போகும், ஆவேசம் வந்தால் மூக்கால் பாடுவார். பாட்டென்றால் பரவாயில்லை, சிரித்துவிட்டுக் கேட்கலாம். கேம் அப்படியில்லை. சுருதி கொஞ்சம் தப்பினாலும் கொம்பியூட்டருக்குக் கோபம் வந்துவிடும்.

முதல் சில நாள் நான் சுற்றினேன். பாதிப் படத்துக்கு மேல் ஒருநாளும் போகவில்லை. ஒரு மத்தியானம் பின்னால் கதிரை கிரீச்சிட்டது. மாமா எழும்பி வந்து, என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் பெடலைப் பிடித்தார். மாமி அடுப்படி வாசலில் அப்படியே நின்றுவிட்டா.

என்ன கை அது! எஞ்சின் பிடித்த கை. டைனமோ ஒரே சீராக உறுமியது. ரீவி தெரிவதற்காக யன்னலைச் சாத்தியிருந்தோம். அந்தச் சாம்பல் இருட்டில், ஓடிக்கொலோன் மணத்தில், பாய் இழைப்பதுபோல வரி வரியாகப் படம் இறங்கியது. முதலில் வானம், பிறகு மலை, பிறகு தூரத்தில் ஒன்றாகிப்போகிற இரண்டு தண்டவாளம். தொடங்கப்போகிறது, தொடங்கப்போகிறது என்று இருக்க, திரை பளிச்சென்று வெளுத்துப் பழையபடி தொடக்கத்துக்கு வந்துவிட்டது.

அடுத்த நாளும் அப்படி. அதற்கு அடுத்த நாளும் அப்படி. படம் முழுக்க வரும், கோச்சி வெளிக்கிடுகிற நேரம் பார்த்து வெளுக்கும். நான் டயோட்டை மாற்றினேன், தலையின் ஆணியைத் திருகினேன், சத்தத்தைக் கூட்டிக் குறைத்தேன். பிழை எப்போதும் ஒரே இடத்தில் வந்தது. ஒரே இடத்தில் வந்தால் சுற்றுகிறவரில் பிழை இல்லை, நாடாவில்தான் பிழை என்று என் சி தரப் பௌதிகம் தீர்ப்புச் சொன்னது. "கசெற் அந்த இடத்தில கசங்கிக்கிடக்கு மாமி. இனி ஒண்டும் செய்யேலாது." மாமியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாமாவோ அதற்குள் குந்தி இருந்து சுற்றத் தொடங்கிவிட்டார்.

இனிப் பார்த்து என்ன என்று நான் சீமெந்து நிலத்தில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். நிலம் குளிர்ந்தது. நித்திரையும் இல்லை விழிப்பும் இல்லை. படம் இல்லாமல் அந்தக் கீச்சுச் சத்தத்தை மட்டும் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தரம். கேட்டுக்கொண்டே இருக்க, சத்தம் மெல்ல மெல்லத் தணிந்தது. கண்ணைத் திறந்தேன். மாமாவின் கை பதமாக வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. அவரும் கண்ணை மூடியிருந்தார்.

"மாமா! ஏன் மெதுவாக்கினனீங்கள்?"

அவர் திடுக்கிட்டு விழித்தார். விடிய விடியப் பயணம் செய்த முகம்.

"கொக்குவில் வந்திட்டுதெல்லே பிள்ளை."

நான் விழுந்து சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. இவ்வளவு நாளும் இந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் இருந்து வெளிக்கிட்டு, அடுத்த ஸ்ரேசனான கொக்குவிலில் கோச்சியை நிற்பாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் கசெற்றுக்கு ஓடிக்கொலோன் பூசிக்கொண்டிருந்தோம்.

"நிக்காமப் போங்கோ மாமா. நிண்டால் கேம் குழம்பிப்போகும்."

"எப்பிடிப் போறது? சனம் நிக்குது."

அடுப்படியில் இருந்து மாமி வந்தா. தேங்காய்ப் பாதி கையில் அப்படியே இருக்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டு வேலை சொல்கிற குரலில் சொன்னா: "அப்பிடியெண்டால் மெயில் கோச்சியைப் பிடியுங்கோவன். மெயில் கொக்குவிலில நிக்கிறேல்லைத்தானே."

மாமா யோசித்தார். "ஓம், மெயிலெண்டால் சரி" என்றார்.

கசெற்றைப் பின்னுக்குச் சுற்றி, திரும்ப முதலில் இருந்து வெளிக்கிட்டார். கொக்குவில் கடந்தது. எனக்குத் தெரிந்தது, அவருடைய தோள் ஒருக்கால் இறுகித் தளர்ந்தது. திரை வெளுக்கவில்லை. ஒரு கூவல் கேட்டது, கோழிக்குஞ்சு கத்துவதுபோல ஒரு கூவல், தண்டவாளம் எங்களை நோக்கி ஓடிவரத் தொடங்கியது. நான் கத்திவிட்டேன். மாமா கட்டைகளில் விரல் வைத்து ஓட்டினார். ஒரு ஸ்ரேசன் வந்தது. பதமாக நிற்பாட்டினார். மேடை என்று ஒரு வெள்ளைப் பெட்டி, வேறொன்றுமில்லை. அவர் திரைக்குக் கிட்டக் குனிந்து தேடினார்.

"உதென்ன, ஒரு சனமும் இல்லை?"

பிறகு அவரே தொடங்கினார். இந்த இடத்தில் கத்தரிக்காய்க் கூடையோடு ஒரு மனிசி நிற்பா, சுன்னாகம் சந்தைக்கு. அங்கே குடையும் கையுமாக ஓடிவருகிற வாத்தியார், அவருக்காக ஒரு நிமிசம் பிந்தி எடுக்க வேண்டும். மிதிபலகையில் தொங்குகிற பெடியள், அவர்களுக்கு ஏச்சு. பற்றரி இறங்கி ரீவி அணைந்துபோனது. மாமா கதையை நிற்பாட்டவில்லை. மாமி தேங்காயை மறந்து நிலத்தில் குந்திவிட்டா. அந்தச் சந்தோசத்தை நான் பிறகு என் கலியாணத்திலும் காணவில்லை என்று சொன்னால் வீட்டில் சண்டை வரும், ஆனால் உண்மை அதுதான். அதற்குப் பிறகு மாமா கதைத்தார். கறிக்கு உப்புக் காணாது என்று சண்டையும் பிடித்தார்.

பிறகு சண்டை ஊரை நெருங்க, அந்த ஐப்பசி மழையில் ஊரே வீடுகளை விட்டு எழும்பி நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் முன்னுக்கும் போகமுடியாமல் பின்னுக்கும் போகமுடியாமல் சனம் நின்றது. மாமா அதே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார், கரியரில் மாமியின் உடுப்பு மூட்டை. பக்கத்தில் கோச்சி போகிற பாதை தண்டவாளம் இல்லாத வெறும் மண்புட்டியாகக் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு சனம் நிக்குது பிள்ளை. நான் கோச்சி இல்லாமல் வெறுங்கையோடை நடந்து போறன்."

அதன்பிறகு அவர் அதிகம் கதைக்கவில்லை. அவரும் மாமியும் கொக்குவிலுக்குத் திரும்பவில்லை. நான் திரும்பி வந்து பார்க்கும்போது வீட்டுக்குக் கூரை இல்லை, அலுமாரி இல்லை, பெட்டி இல்லை. இப்போது கோச்சி திரும்ப ஓடுகிறது, புது ஸ்ரேசன், புதுப் பெயின்ற். அதில் ஏறினால் நான் எஞ்சின் பக்கம் பார்ப்பதில்லை.

நேற்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் மகள் புது ட்ரைவரைப் போட்டுவிட்டாள். கேம் பிடித்த பிடியில் திறந்தது.

"பாத்தீங்களா அம்மா? என்ன ஸ்பீட்டா ஓடுது!"

"ஓம்" என்றேன். "கொக்குவிலில நிக்குமோ?"

பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை.