மேட்டுக்கு ஏறிய துளி

எஸ்டேட்டில் அப்பாவுக்குத் தண்ணீர் வேலை. வெள்ளக்கடை ஊருக்குக் கீழே ஓடையில் மோட்டாரைப் போட்டு, மேலே தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து காப்பிப் பழம் அரைக்கும் கொட்டகைக்கும் எங்கள் லைன் வீடுகளுக்கும் குழாயில் இறக்கிவிடுவார். மோட்டார் மக்கர் செய்யும் நாட்களில் வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டோம். தண்ணீர் தானாக மேட்டுக்கு ஏறாது என்பதை அப்பா அளவுக்கு அனுபவித்தவர் இந்த மலையிலேயே இருந்திருக்க மாட்டார்.

அக்கா பன்னிரண்டாவது முடித்திருந்தாள். எனக்கு எட்டு வயது. சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி இயற்பியல் படிப்பேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் ரைட்டருக்கு உதவியாக ஓர் இடம் காலியாக இருந்தது; அப்பாவின் மனம் அதில்தான். கல்லூரி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவே இல்லை. சனிக்கிழமை கடைசி நாள். வியாழக்கிழமை சாப்பிடும்போது அக்கா மறுபடி ஆரம்பிக்க, அப்பா சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

"மோட்டார் இல்லாம தண்ணி மேட்டுக்கு ஏறட்டும் கண்ணு, அன்னிக்கு அனுப்பறேன்."

பேச்சு முடிந்தது என்று அதற்கு அர்த்தம். அக்காவோ, "நெசந்தானுங்களாப்பா?" என்று கேட்டாள்.

அவளிடம் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. பள்ளிக் கண்காட்சிக்காகப் படம் வரைந்து கொடுத்து, சேலத்தில் லேத் பட்டறையில் இருந்த பெரியம்மா மகனிடம் செய்து வாங்கியது. உள்ளங்கை நீளம், மேலெல்லாம் ரம்பப் பல் மாதிரி ஒரே பக்கம் சாய்ந்த வெட்டுகள். அதை அடுப்பில் நன்றாகக் காயவைத்துத் தண்ணீர் விட்டால், துளி தகட்டைத் தொடாமல் தன் ஆவியின் மேலேயே மிதக்குமாம். அந்த ஆவியைப் பற்கள் ஒரே பக்கமாகத் திருப்பிவிட, துளியும் அந்தப் பக்கமே ஓடுமாம், மேடானாலும் ஏறுமாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா சொன்னதால் அப்படியே நம்பினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் தகட்டை அடுப்பின் மேல் வைத்து, ஒரு முனையை அடியில் இரும்பு நட்டு கொடுத்துச் சற்றே உயர்த்திவிட்டு, அப்பாவை அழைத்து வரப் போனாள். வெள்ளிக்கிழமை பித்தளைச் சாமான்களைப் புளி போட்டுத் தேய்ப்பது என் வேலை. விளக்கும் செம்பும் பளபளவென்று இருக்க, தகடு மட்டும் கறுத்துக் கிடந்தது. இவ்வளவு பெரிய காரியத்துக்கு அழுக்குத் தகடா என்று அதையும் எடுத்துத் தேய்த்துக் கழுவி, இருந்த மாதிரியே வைத்தேன். வைத்ததாகத்தான் நினைத்தேன்.

அப்பா வந்தார். அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். தகடு காய்ந்ததும் அக்கா சொட்டு மருந்துக் குப்பியால் நடுவில் ஒரு துளி விட்டாள். அது முத்துப்போல் திரண்டு நின்று, விறுவிறுவென்று கீழ்ப்பக்கம் ஓடி, அடுப்பில் விழுந்து சுர்ரென்றது. அடுத்ததும் அப்படியே. அக்காவுக்குக் கண் நிறைந்தது. நான் புளி வாசம் போகாத கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"உடு சாமி. தண்ணி தண்ணியாட்டத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அப்பா வாசல்வரை போனார். அங்கே நின்றார். திரும்பி வந்தார்.

"இன்னொரு சொட்டு உடு." குனிந்து பார்த்தார். "இத்துனூண்டு வாட்டத்துக்கு இவ்வளவு வேகம் ஏது? இத என்னமோ தள்ளுது."

இடுக்கியை எடுத்துத் தகட்டை முனை மாற்றித் திருப்பி வைத்தார். குப்பியை வாங்கி, தாழ்ந்த முனையில் தானே ஒரு துளி விட்டார்.

துளி லேசாக நடுங்கியது. பிறகு ஏறியது. ஒவ்வொரு பல்லாகத் தாண்டி, யாரும் தொடாமல், ஊதாமல், மேட்டைப் பார்த்து ஓடி, உச்சி விளிம்பைக் கடந்து குதித்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா இன்னொன்று விட்டார், இன்னொன்று. குப்பி தீர்ந்ததும் என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். சாமி சப்பரம் ஏறுவதைக்கூட அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"நொம்ப அழகா ஏறுது" என்றார் கடைசியில்.

மறுநாள் முதல் பஸ்ஸில், கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தோடு அக்காவும் அப்பாவும் சேலத்துக்குப் போனார்கள். அப்பா பந்தயத்தில் தோற்ற கதையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். புளி போட்டுத் தேய்த்து முனை மாற்றி வைத்த விஷயத்தை மட்டும் மூச்சு விடவில்லை.

அக்கா இப்போது கடல் கடந்த ஊரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள், வருடத்துக்கு ஒருமுறை வருகிறாள். தொட்டி நிரம்பும் சத்தம் கேட்கும் மாலைகளில் அப்பாவைப் பார்க்கையில்தான் எனக்கு உறைக்கிறது. அன்று அவர் ஜெயித்துவிட்டிருந்தார். வாசலைத் தாண்டியிருந்தால் அக்கா எஸ்டேட் ஆபீஸில், எங்கள் கண்ணெதிரிலேயே இருந்திருப்பாள். கீழே தள்ளுவதைத் திருப்பி வைத்தால் மேலே தள்ளும் என்று அப்பாவுக்கா தெரியாது? தெரிந்தேதான் திருப்பினார். நான் துளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையைப் பார்க்கவில்லை.